எந்தக் கைக்கும்

மார்ச் 3, செவ்வாய். காலை 9.40. எண்ணிக்கை 6,212.

மேசை ஓரத்தில் என் இயந்திரம் கத்தியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு சின்ன மோட்டார், ஒரு ரப்பர் விரல், ஒரு இரும்புக் கை. மடங்கியிருக்கும் கத்தியின் முதுகில் ஒரு நாக்கு துருத்திக்கொண்டிருக்கும். ரப்பர் விரல் அதை அழுத்தும். பிளேடு 'டக்'கென்று வெளியே வந்து நிற்கும். இரும்புக் கை அதை உள்ளே தள்ளும். மறுபடி. பத்தாயிரம் ஆனதும் நிறுத்துவேன். இதுவரை ஒருமுறைகூடத் தவறவில்லை. தவறாது. வரைந்தது நான்.

இதற்குக் கடையில் ஆங்கிலப் பெயர் உண்டு. இங்கே எல்லாருக்கும் அது 'சொடுக்கு'.

வரும் 27, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு மேடம் ஒரு டிராயிங்கில் கையெழுத்துப் போட வேண்டும். எதிர்த் தெரு டூல் ரூம் எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அச்சு வெட்டிக் கொடுக்கும். எந்த டிராயிங் போகிறதோ அந்தக் கத்திதான் அடுத்த வருஷம் முழுக்க. போவது என் சொடுக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய நகக்குழிக் கத்தியே, கைப்பிடி நிறம் மட்டும் மாறி. அந்த அவமானத்தை இன்னொரு வருஷம் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

நகக்குழி: பிளேடின் பக்கவாட்டில் பிறை மாதிரி ஒரு பள்ளம். கட்டைவிரல் நகத்தை அதில் மாட்டி இழுக்க வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும், நகம் வேண்டும், பொறுமை வேண்டும். மூன்றில் என்னிடம் இரண்டுதான் உண்டு.

மார்ச் 4, புதன்.

10,000. பிழை: பூஜ்யம். சொன்னேன் இல்லையா.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா முன்னால் ஒரு முப்பது தடவை சொடுக்கிக் காட்டினேன். "அந்தச் சனியன இன்னொரு தடவ டக்குன்னே, தட்ட எடுத்துருவேன்" என்றாள். சத்தம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மார்ச் 5, வியாழன். மாலை 5.20.

மேடம் ஆய்வு கேட்டார். 'உனக்குப் பிடித்தது போதாது, மற்றவர்களைக் கேள்' என்றார். சரி. காகிதம் அச்சடித்துப் பதினான்கு பேரிடம் கொடுத்தேன். பெயர், வேலை, திறக்கப் பிடித்த முறை, காரணம். நான்கு கட்டம். எல்லாருக்கும் மாதிரிக் கத்தி கொடுத்து, திறந்து மூடுவதைக் கைபேசியில் படம் பிடித்தேன், நேரம் கணக்கிட.

மனிதர்கள் விசித்திரமானவர்கள்.

வண்டி ஓட்டுபவருக்குப் பிளேடில் குமிழ் வேண்டும், கட்டைவிரலால் தள்ள. ஆனால் அவர் தள்ளுவதே இல்லை, மணிக்கட்டை உதறுகிறார். உதறினால் மூட்டு ஆறே மாதத்தில் ஆடிவிடும் என்றேன். "ஆறு மாசத்துக்குள்ள நான் தொலைச்சிருவேன்" என்றார்.

கிடங்குக்காரருக்குப் பிளேடில் பெரிய துளை வேண்டும். கையுறையோடு துழாவினாலும் விரல் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். நியாயம். ஆனால் துளை போட்ட பிளேடு மூக்குக் குத்தின மாதிரி இருக்கும்.

வாசல் காவலருக்குப் பொத்தான். அழுத்தினால் தானாக வர வேண்டும், லிஃப்ட் மாதிரி. சோம்பேறித்தனத்துக்கு ஒரு முறை இருந்தால் அது இதுதான்.

மேடம் இரண்டு கையாலும் மெதுவாகத் திறக்கிறார், மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறப்பதுபோல. இதற்கு நான் கருத்து எழுதவில்லை. முதலாளி.

பதினான்கில் ஒன்பது பேர் சொடுக்கு என்றார்கள். ஒரு தடவை செய்து பார்த்தவர்கள் நிறுத்தவில்லை. அதுதான் உண்மையான வாக்கு.

பதினான்காவது காகிதம் திருகாணியுடையது. இரண்டாம் மேசை. இங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கத்தியையும் பூட்டித் திருகி, திறந்து மூடிப் பார்த்து அனுப்புவது அவள்தான். ஆள் சின்னது, பிடித்த இடத்தை விடாது — அதனால் அந்தப் பெயர். (எனக்கு வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'. தெரியும்.) திறக்கப் பிடித்த முறை என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்: 'என் கத்தி போதும்.' காரணம்: ஒரு கோடு.

இது பதிலா?

மார்ச் 6, வெள்ளி. மதியம் 1.50.

அந்தக் கத்தியைப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பழைய நகக்குழிக் கத்திதான், பத்து வருஷத்துக்கு முந்தைய வார்ப்பு. வாங்கிப் பார்த்தால், பிளேடில் இரண்டு குழி. ஒன்று நம் தொழிற்சாலையில் வந்தது. இன்னொன்று மறுபக்கத்தில், யாரோ அரத்தால் ராவியது. விளிம்பு நேராக இல்லை. இடமும் தப்பு, மூட்டிலிருந்து தள்ளி இருக்கிறது.

"இத யாரு எலி கடிச்ச மாதிரி குதறி வெச்சது?" என்றேன். மேசையைச் சுற்றி ஏழு பேர். சிரித்தார்கள். அவள் கத்தியைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

நான் விடவில்லை. திறக்கச் சொல்லிப் படம் பிடித்தேன். 2.9 நொடி. என் சொடுக்கு 0.4. எண்ணைச் சொன்னேன்.

ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "மிச்சமாற ரெண்டர செகண்ட்ல நீங்க எங்க போறீங்க, அவசரம் சார்?"

இந்தத் தடவை இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

அவளிடம் எண் இல்லை, கிண்டல்தான் இருக்கிறது. ஆகவே நான் சொல்வதே சரி.

மார்ச் 9, திங்கள்.

பெட்டியில் அச்சடிக்க ஒரு வரி வேண்டும் என்று மேடம் கேட்டார். பத்து நொடியில் சொன்னேன்: 'ஒரே சொடுக்கு. எந்தக் கைக்கும்.' நாக்கு முதுகின் நடுவில் இருக்கிறது, ஆகவே வலக்கை இடக்கை இரண்டுக்கும் ஒன்றுதான். குமிழுக்கும் நகக்குழிக்கும் அந்தச் சிறப்பு கிடையாது. மேடத்துக்குப் பிடித்துவிட்டது. டிராயிங்கின் மூலையிலேயே எழுதிவைத்துக்கொண்டார்.

மார்ச் 12, வியாழன்.

டூல் ரூம் அண்ணன் டிராயிங்கைப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து இரண்டு வார்த்தை வருவதே பெரிது.

மார்ச் 16, திங்கள். மாலை 6.05. வீடியோ ஃபிரேம்கள் 71 முதல் 158 வரை.

எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

அறிக்கைக்காகத் திருகாணியின் 2.9 நொடியைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் பார்த்தேன். பைக்குள்ளிருந்து எடுக்க எவ்வளவு, திருப்ப எவ்வளவு, நகம் மாட்ட எவ்வளவு. எங்கே வீணாகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவதாகத் திட்டம். நான்காம் தடவை ஓட்டும்போதுதான் பார்த்தேன். கைப்பிடி இருப்பது வலக்கையில். இழுக்கும் நகம் இடக்கை நகம். அது போய் மாட்டுவது, நான் எலி கடித்தது என்று சொன்ன குழியில்.

குழி தப்பான பக்கத்தில் இல்லை. அவளுக்கு அதுதான் சரியான பக்கம். திறந்த பிறகு கத்தி இடக்கைக்கு மாறுகிறது. ஆரஞ்சு உரிப்பதும் இடக்கைதான்.

பிறகு அதே ஆளை என் சொடுக்கோடு பார்த்தேன். வலக்கையில் பிடித்திருக்கிறாள். திறப்பது 0.4, எல்லாரையும்போல. மூடுவது 1.9. பதினான்கு பேரில் மூட அதிக நேரம் எடுத்தது அவள்தான். தினமும் முந்நூறு கத்தி மூடுகிறவள்! அந்த எண் என் அட்டவணையிலேயே இல்லை. மூடும் நேரத்தை நான்தான் வெட்டிவிட்டேன், 'முக்கியமில்லை' என்று.

இரண்டு வருஷமாகப் பக்கத்து மேசை. நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 17, செவ்வாய். காலை 8.45.

நேராகப் போய்க் கேட்டேன், நீங்கள் இடக்கைக்காரரா என்று. தலையைத் தூக்காமல், "ரெண்டு வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சாச்சு" என்றாள்.

சொல்லியிருக்கலாமே என்றேன். ஆய்வுதானே செய்தேன், காகிதம் கொடுத்தேனே.

"உங்க காகிதத்துல அதுக்குக் கட்டம் இல்லயே."

அவள் மேசையைப் பார்த்தேன். இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வலப்பக்கம். திருகு இயந்திரத்தின் கைப்பிடி வலப்பக்கம். கத்தியைப் பிடித்துக்கொள்ளும் அச்சுக்கட்டை வலக்கைக்கு வெட்டியது. எல்லாம் எனக்கு முன்பிருந்தவர் வைத்தது. நான் ஒன்றும் கேட்காமல் அப்படியே வைத்திருந்தேன். அவள் இங்கே வேலைக்காக வலக்கைக்காரியாகியிருக்கிறாள்.

குழியை யார் ராவியது என்றும் கேட்டேன். "எலி" என்றாள்.

சொடுக்கு எந்தக் கைக்கும் ஒன்றுதான் என்று மறுபடி சொன்னேன். திறப்பதற்கு ஆமாம் என்றாள். "ஒருநா பூரா இடக்கையால மூடிப் பாருங்களேன். அப்பறம் பேசலாம்."

பார்ப்பேன். நாளைக்கே. நூறு தடவை. பார்த்துவிட்டு எண்ணோடு வந்து பேசுகிறேன்.

மார்ச் 18, புதன். பிற்பகல் 3.15. எண்ணிக்கை 63.

நூறு வரவில்லை.

இதை இடக்கையால் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இடக்கையில் கட்டு. ஆட்காட்டி விரல், இரண்டு தையல்.

உள்ளது இதுதான். சொடுக்கைத் திறந்ததும் உள்ளே ஒரு மெல்லிய தகடு நகர்ந்து வந்து பிளேடை முட்டுக்கொடுத்து நிற்கும். அதுதான் பூட்டு. மூட அந்தத் தகட்டை ஒதுக்க வேண்டும். வலக்கையில் பிடித்தால் கட்டைவிரல் அதன்மேல் தானாகப் போய் உட்காரும். இடக்கையில் கட்டைவிரல் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. ஆட்காட்டி விரலை உள்ளே வளைத்துத் தகட்டைத் தள்ள வேண்டும். தள்ளும்போது அந்த விரல் பிளேடு வரும் வழியிலேயே நிற்கிறது. முதல் நாற்பது தடவை கவனமாக இருந்தேன். ஐம்பதுக்குமேல் வேகம் கூட்டினேன். ஏன் கூட்டினேன்? நான் அப்படித்தான்.

அப்படித்தான் எல்லாரும். கத்தியை ஒருவன் ஐம்பது நாளைக்குக் கவனமாக மூடுவான். அப்புறம்?

திருகாணிதான் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். நல்லவேளை, கிண்டல் பண்ணவில்லை. அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, "அறுபத்தி மூணா?" என்றாள். ஆமாம் என்றேன். "பரவாயில்ல, நான் அன்னிக்கு உங்க மாதிரியில பதினேழுல கைய மாத்திட்டேன்."

இரவு 9.00.

வீட்டில் அம்மா என் கையைத் திருப்பிக் கட்டைப் பார்த்தாள்: "பத்தாயிரம் தடவ மிஷினுக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு மட்டும் எப்பிடிடா ஆச்சு?"

மிஷினுக்கு விரல் இல்லை அம்மா.

மார்ச் 20, வெள்ளி.

கணக்குப் போடுகிறேன். பத்துப் பேரில் ஒருவர் இடக்கை. ஒன்பது பேருக்கு இந்தக் கத்தி குறையே இல்லாதது. பெட்டியிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டால் பொய்யும் இல்லை. இன்னும் ஏழு நாளில் கையெழுத்து. ஆறு மாச வேலை.

அந்த வரிய மட்டும் எடுத்துட்டாப் போதுமா? போதும்னுதான் தோணுது. யாரு கேக்கப் போறா?

யாரும் கேட்க மாட்டார்கள். காகிதத்தில் கட்டம் இல்லையே.

மார்ச் 21, சனி.

அடுத்த வருஷம் முழுக்க அவள் இதைத்தான் பூட்டித் திருகி மூடுவாள். தினம் முந்நூறு. தன்னால் இயல்பாக மூட முடியாத கத்தியை. அது தெரிந்த பிறகும் நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு நேரம் எடுப்பேன்.

இல்லை. மோசமான டிசைன் அது. பரிதாபம் பார்த்துச் சொல்லவில்லை, டிசைன் மோசம். அவ்வளவுதான்.

மார்ச் 23, திங்கள். காலை 10.10.

மேடத்திடம் போய், பூட்டை மாற்ற வேண்டும், கையெழுத்துப் போடாதீர்கள் என்றேன்.

மேடம் பேனாவை வைத்தார். "ஆறு மாசமா என் தலையத் தின்னது நீதானே?"

ஆமாம் என்றேன். கட்டைக் காட்டினேன். காரணம் சொன்னேன். முழுதும் கேட்டார். டூல் ரூம் தேதியை மாற்றாது, அது அவர் கையில் இல்லை என்றார். வெள்ளி நான்கு மணிக்குள் புதுப் பூட்டு பத்தாயிரம் தாண்டி அவர் மேசையில் இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் நகக்குழி.

நான்கரை நாள். போதும். தலையில் ஏற்கெனவே இருக்கிறது: கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு கம்பி, இரண்டு பக்கமும் நுனி வெளியே தெரியும்படி. எந்தக் கையின் விரலாலும் கட்டைவிரலாலும் அதைப் பின்னால் இழுக்கலாம். இழுத்தால் பிளேடு விழுந்து மூடிக்கொள்ளும். விரல் பிளேடின் வழிக்கே வராது. கம்பியை முன்னுக்குத் தள்ளிப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங். சொடுக்கு அப்படியே இருக்கும்.

மார்ச் 24, செவ்வாய்.

இடக்கை வேண்டும். என்னுடையது கட்டுக்குள் இருக்கிறது. திருகாணியைக் கேட்டேன், மாதிரியை இடக்கையால் சோதித்துத் தர முடியுமா என்று. "கேக்கறீங்களா, சொல்றீங்களா?" என்றாள்.

கேட்கிறேன் என்றேன்.

மார்ச் 25, புதன்.

முதல் மாதிரி. கம்பி சாய்ந்து சிக்குகிறது. ராவினேன். இன்னும் சிக்கியது. அவள் வாங்கி, நான் ராவியதற்கு எதிர்ப்பக்கத்தில் மூன்று இழு இழுத்தாள். சிக்கவில்லை. குழியை ராவிய எலி யார் என்று தெரிந்துவிட்டது.

மார்ச் 26, வியாழன். மாலை 4.30.

இடக்கையால் மூட 0.7. வலக்கையால் 0.7. அவள் இருநூறு தடவை செய்துவிட்டாள், பார்க்காமலேயே, வண்டிக்காரரோடு பேசிக்கொண்டே. நான் இதுவரை கண்ட மிக அழகான விஷயம் இதுதான். ஆனால் சத்தம் அதிகம் என்கிறாள். அது குறை இல்லை என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள், நான் இயந்திரத்தில் மாட்டப் போய்விட்டேன்.

மார்ச் 27, வெள்ளி. காலை 8.40. எண்ணிக்கை 1,140.

இரவில் உடைந்து நின்றிருக்கிறது. இடப்பக்க ஸ்பிரிங். வளைவில்.

மாற்று ஸ்பிரிங்கோடு மறுபடி ஓட்ட நேரமில்லை. ஓட்டினாலும் அதே ஆயிரத்தில் உடையும். ஸ்பிரிங்கின் கம்பி மெல்லிசு. நான்தான் மெல்லிசாக எடுத்தேன், வளைக்கச் சுலபம் என்று. அவசரம்.

மாலை 5.00.

3.50-க்கு மேடத்தின் அறைக்குப் போனேன். ஸ்பிரிங் துண்டு இரண்டையும் காகிதத்தில் வைத்துக் கொடுத்தேன். டூல் ரூம் அண்ணன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

மேடம் மேசைக்குள்ளிருந்து என் பழைய டிராயிங்கை எடுத்தார். மூலையில் அவர் கையெழுத்தில், 'எந்தக் கைக்கும்'. "இது பத்தாயிரம் ஓடிச்சு. வரிய அடிச்சிட்டு இதையே அனுப்பலாம். நீ சொன்னாப் போடறேன்."

பேனா திறந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்பது பேருக்குக் குறையே இல்லாத கத்தி.

"வேண்டாம் மேடம். நகக்குழியிலயே போடுங்க" என்றேன். "ஆனா ரெண்டு பக்கமும் குழி வெக்கணும். அத மட்டும் இப்பவே வரைஞ்சு தரேன்."

"நகக்குழி. நீ."

"பத்து நிமிஷம்."

அண்ணனிடம் கேட்டேன், இரண்டாவது குழி அச்சில் சிரமமா என்று. அதே அச்சு, ஒரு மேடு கூட, அவ்வளவுதான் என்றார். ஓடிப்போய்த் திருகாணியிடம் அவள் கத்தியைக் கேட்டேன். தயங்கினாள். அளக்க மட்டும் என்றேன்.

அளந்தேன். அவள் ராவிய குழி மூட்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் கூடத் தள்ளி இருக்கிறது. இடம் தப்பு என்று சொன்னேனே, அதே குழி. தள்ளி இருப்பதால் நகத்துக்கு விழும் பளு நம் குழியைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. பக்கச் சரிவும் செங்குத்து, நகம் வழுக்காது. தராசுக் கொக்கியை மாட்டி இரண்டு தடவை சரிபார்த்தேன். பத்து வருஷமாக நாங்கள் விற்றுக்கொண்டிருந்த குழியைவிட இந்தக் கோணல் குழி நல்ல குழி.

அந்த அளவையே இரண்டு பக்கத்துக்கும் வரைந்தேன். 4.08-க்குக் கையெழுத்து. எட்டு நிமிஷம் தாமதம். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டிராயிங்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

என் சொடுக்கு இந்த வருஷம் இல்லை.

இப்போதும் சொல்கிறேன், திறப்பதற்குச் சொடுக்குதான் சிறந்தது. அடுத்த மார்ச்சில் நிரூபிப்பேன்.

மார்ச் 28, சனி. காலை 10.15. எண்ணிக்கை 0.

திங்கள் முதல்:

1. ஸ்பிரிங் கம்பியைத் தடிப்பாக்க. வளைவைப் பெரிதாக்க. 8.30-க்கு இயந்திரத்தில் மாட்ட. பத்தாயிரம் அல்ல, இருபதாயிரம்.

2. ஆய்வுக் காகிதத்தில் 'எந்தக் கை' என்று ஒரு கட்டம். மூடும் நேரத்துக்கு இன்னொன்று. அடியில் காலி இடம், நான் யோசிக்காததை எழுத.

3. 'எந்தக் கைக்கும்' என்ற வரியை நகக்குழிக் கத்தியின் பெட்டிக்குக் கொடுக்க. இப்போது அது உண்மை.

4. இரண்டாம் மேசையின் வைஸையும் திருகு இயந்திரத்தையும் இடப்பக்கம் மாற்ற. அச்சுக்கட்டையைப் புதிதாக வெட்ட. மாற்றுவதற்கு முன் எங்கே வேண்டும் என்று அவளைக் கேட்க.

5. மதிய இடைவேளையில், அன்று சிரித்த ஏழு பேரும் இருக்கும்போது, எலி பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற. அளவுகளோடு.

6. சத்தத்தில் என்ன குறை என்று அவளிடம் கேட்க. அவள் சொல்வது தப்பாகத்தான் இருக்கும். சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருக்க.